கரிய பறவைகளைப் பிரித்தறிதல்

கிராமவாசிகளுக்கும் பள்ளி மாணாக்கர்க்கும் ஒரு பாடம்

கிராமங்களில் வசிப்போர்க்குப் பறவைகள் புதியன அல்ல. வைகறையில் துயிலெழுப்புவனவும், களத்தில் காயும் தானியத்தைக் கொத்துவனவும், ஏர் சென்ற சாலில் புழு பொறுக்குவனவும் அவையே. ஆயினும், வீட்டைச் சுற்றி வாழும் பறவைகள் எத்தனை வகை என்று வினவினால், காகம், குருவி, மைனா, கிளி, கொக்கு, பருந்து என ஆறேழு பெயர்களுக்கு மேல் சொல்லக்கூடியவர் சிலரே. தோட்டமும் கிணறும் ஏரியும் அமைந்த ஒரு சாதாரணக் கிராமத்தில், பொறுமையுடன் பார்ப்பவர் ஒரு வருஷ காலத்திற்குள் அறுபது எழுபது வகைகளைக் கண்டுகொள்ளலாம். இதற்குக் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. கொல்லையும் வயல் வரப்பும் போதும்.

இவ்வறியாமையால் வரும் நஷ்டம் சிறிதன்று. கொல்லையில் விளைந்த சோளத்தைக் காக்க உண்டிவில்லுடன் அனுப்பப்பட்ட சிறுவன், கண்ணில் பட்ட கரிய பறவை மீதெல்லாம் கல்லெறிகிறான். அவன் கையில் அடிபட்டு விழுவது பெரும்பாலும் காகம் அன்று; காகம் அவன் கை ஓங்குவதைக் கண்டதும் பறந்துவிடும் அறிவுடையது. விழுவது, மாட்டின் முதுகில் அஞ்சாது அமர்ந்து, காலை முதல் மாலை வரை வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்னும் கரிச்சானாக இருக்கக் கூடும். அந்த நஷ்டத்தைக் குடியானவர் எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. ஆனால் அடுத்த போகத்தில் பூச்சிமருந்து வாங்கும்போது அதற்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

ஆகையால், எந்தப் பறவையையும் நண்பன் என்றோ திருடன் என்றோ தீர்ப்புச் செய்வதற்கு முன், அது இன்னதென்று அறிதல் வேண்டும். இப்பாடத்தில் கரிய நிறமுள்ள பறவைகள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை எல்லா ஊரிலும் உண்டு; ஒன்றையொன்று ஒத்துப் பார்வையை மயக்குவன; ஆனால் அவற்றின் உணவும் நடத்தையும் முற்றிலும் வேறானவை. கறுப்பைப் பிரித்தறியப் பழகிய கண்ணுக்கு ஏனைய நிறங்கள் எளிதில் வசப்படும்.

1. பார்ப்பதற்கு வேண்டிய ஆயத்தம்

சூரியன் உதித்தபின் இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முன் ஒரு மணி நேரமும் ஏற்ற காலங்கள். நடுப்பகலில் பறவைகள் நிழலில் ஒடுங்கிவிடும். பார்ப்பவர் சூரியன் தம் முதுகுப்புறம் இருக்குமாறு நிற்க வேண்டும். இவ்விதியை மீறினால் பாடம் முழுவதும் வீணாகும். ஏனெனில், வெயிலுக்கு எதிராகப் பார்க்கும்போது பச்சைக்கிளியும் கறுப்பாகவே தோன்றும்.

ஒரு மரத்தடியிலோ சுவரோரத்திலோ அசையாமல் கால் மணி நேரம் நிற்க. முதல் ஐந்து நிமிஷங்களில் ஒன்றும் புலப்படாதது போலத் தோன்றும். அதன் பின்னரே பறவைகள் மனிதனை மறந்து தம் வேலையைத் தொடங்கும். கை நீட்டிச் சுட்டுதலும், உரக்கப் பேசுதலும், வெளிச்சமான வெள்ளாடையும் ஆகா. தூரதரிசனக் கண்ணாடி இருந்தால் நன்று, இல்லாவிடினும் குற்றமில்லை. ஒரு பென்சிலும் சிறிய நோட்டுப் புத்தகமும் கட்டாயம் வேண்டும்.

2. கவனிக்க வேண்டிய ஆறு குறிகள்

பறவையைக் கண்டவுடன் பலர் நிறத்தையே முதலிற் பார்க்கின்றனர். நிறம் வெளிச்சத்துக்குத் தக்கவாறு மாறித் தோன்றும். ஆதலின் நிறத்தைக் கடைசியில் வைத்து, பின்வரும் வரிசையிற் கவனித்தல் நலம்.

முதலாவது, பருமன். அங்குலக் கணக்கு மரக்கிளையில் உதவாது. தெரிந்த பறவைகளையே அளவுகோலாகக் கொள்க. சிட்டுக்குருவி ஆறு அங்குலம், கொண்டைக்குருவி எட்டு அங்குலம், மைனா ஒன்பது அங்குலம், ஊர்க்காகம் பதினேழு அங்குலம், பருந்து இரண்டடி என்று மனத்தில் இருத்திக்கொண்டு, "மைனாவிற் பெரியது, காகத்திற் சிறியது" என எழுதலாம். டாக்டர் சாலிம் அலி 1941-ஆம் வருஷத்தில் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலிலும் இம்முறையே கையாளப்பட்டுள்ளது.

இரண்டாவது, அலகு. அது பருத்ததா, மெல்லியதா, நேரானதா, வளைந்ததா என்று பார்த்தால் இரை இன்னதென்பது பாதி விளங்கிவிடும்.

மூன்றாவது, வால். நீண்டதா, குட்டையா, பிளவுபட்டதா, நிமிர்ந்ததா என்பது.

நான்காவது, நடை. தரையில் காலை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறதா, இரு கால்களாலும் தத்துகிறதா, தரைக்கு வராமலே இருக்கிறதா என்பது.

ஐந்தாவது, இடம். கூரை, வேலி, உச்சிக்கிளை, அடர்ந்த இலைக்குள், மின்சாரக் கம்பி, சேறு, நீர் என்று குறிப்பிட்டு எழுதுக.

ஆறாவது, குரல். கேட்ட ஒலியைத் தமிழெழுத்தில் அப்படியே எழுதிப் பழகினால் மறவாது.

இவ்வாறும் ஆனபின், கண்ணின் நிறம், சிறகில் வெள்ளைத் திட்டு, வாலடியின் நிறம் ஆகியவற்றைப் பார்க்கலாம். ஒரே குறியைக் கொண்டு பெயர் சூட்டுதல் தவறு. மூன்று குறிகளாவது ஒத்துவந்தாலன்றி முடிவு செய்தல் கூடாது.

3. காகங்கள் இரண்டு

ஊரில் காணப்படும் காகங்கள் இருவகை. ஊர்க்காகத்தின் கழுத்தும் மார்பின் மேற்பாகமும் சாம்பல் நிறம், உடல் மெலிந்தது, குரல் கூர்மையானது. அண்டங்காக்கை உடல் முழுவதும் கறுப்பு, ஊர்க்காகத்தைவிடப் பெரியது, அலகு மிகப் பருத்தது, குரல் தடித்தது. ஊர்க்காகம் மனிதர் வாழுமிடத்தை விட்டு அகல்வதில்லை. அண்டங்காக்கையோ ஊர்ப்புறத்திலும் காட்டிலும் வாழ வல்லது.

பிதிர்க்கடன் கழிக்கும் நாட்களில் சோறு வைத்து அழைக்கப்படுவதும், வடாம் உலர்த்தும் நாட்களில் கோல் கொண்டு விரட்டப்படுவதும் இப்பறவையே. கழிவுகளையும் செத்த எலியையும் அகற்றுவது அதற்கு வரவு. கோழிக்குஞ்சையும் முட்டையையும் களத்துத் தானியத்தையும் கவர்வது பற்று. ஊரில் எச்சிற்குப்பை பெருகுமளவு ஊர்க்காகமும் பெருகும். குப்பையைக் குழியிலிட்டு மூடினால் காகத்தின் தொல்லை தானே குறையும். நஞ்சு வைத்தால் அதைத் தின்பது காகமாகவே இருக்குமென்று எவரும் உறுதி கூற முடியாது.

4. குயில்

சித்திரை, வைகாசி மாதங்களில் குயிலோசை கேளாத ஊர் இல்லை. ஆனால் குயிலைக் கண்டவர் சிலரே. அது அடர்ந்த இலைகளுக்குள்ளேயே இருக்கும். தரைக்கு இறங்குவது அரிது. ஆண் குயில் பளபளக்கும் கறுப்பு. பருமனில் காகத்தை ஒத்தாலும், உடல் மெலிந்து வால் நீண்டிருக்கும். கண் சிவப்பு, அலகு வெளிறிய பச்சை. இவ்விரு குறிகளும் காகத்துக்கு இல்லை. பெண் குயில் கறுப்பே அன்று. பழுப்பு உடலெங்கும் வெண்புள்ளியும் வரியும் உடையதாதலால், பலர் அதை வேறொரு பறவை என்றே எண்ணிவிடுகின்றனர்.

ஏறிக்கொண்டே செல்லும் "கூ-ஊ, கூ-ஊ" என்ற இசை ஆண் குயிலுடையது. பெண்குயில் பாடுகிறதென்று கவிஞர் பலர் சொல்லியிருப்பினும், பெண்ணின் குரல் "கிக் கிக் கிக்" என்ற விரைந்த ஒலியே ஆகும். மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் குயில் பெரும்பாலும் வாய்திறவாது. அது தேசாந்தரம் போய்விட்டதென்று அப்போது எண்ணுவர். உண்மையில் அதே வேப்பமரத்தில் அமர்ந்து பழம் தின்றுகொண்டிருக்கும்.

குயில் கூடு கட்டுவதில்லை. காகம் முட்டையிடும் காலத்தில் அதன் கூட்டிலேயே பெண் குயில் தன் முட்டையை இட்டுவிடும். குயிற்குஞ்சு காகக்குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பொரிந்து, முதல் இரையைப் பெற்றுவிடுகிறது. கூட்டை விட்டு வெளிவரும் பருவத்திலும் அது கரிய நிறமாகவே இருப்பதால் காகம் ஐயுறாது ஊட்டுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் காகமொன்று தன்னைவிடச் சற்று வேறுபட்ட குஞ்சுக்கு இரையூட்டுவதைக் கண்டால், மாணாக்கர் அதனை நின்று கவனிக்கலாம்.

பயிருக்குக் குயிலால் தீங்கில்லை. ஆல், அரசு, அத்தி, வேம்பு முதலியவற்றின் கனிகளே அதன் பிரதான உணவு. தின்ற கனியின் விதையை எச்சத்தின் வழியாகவும், வாயினின்று உமிழ்ந்தும் பல இடங்களில் பரப்புகிறது. சந்தன விதையைப் பரப்பும் பறவைகளுள் இதுவும் ஒன்று. வேலியோரத்தில் எவரும் நடாமலே முளைத்த மரங்கள் பலவற்றுக்குக் குயிலும் அதையொத்த பழந்தின்னிகளுமே காரணம்.

5. கரிச்சான்

கரிய பறவைகளுள் குடியானவர் தவறாது அறிய வேண்டியது இதுவே. கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. உடல் கொண்டைக்குருவி அளவுதான். நீண்ட வாலையும் சேர்த்தால் சுமார் ஒரு முழங்கைக்குச் சற்றுக் குறைவு. வாலின் நுனி மீனின் வால்போல ஆழமாகப் பிளந்து இருபுறமும் வளைந்திருக்கும். இறகு உதிரும் காலத்திலும், இளம் பருவத்திலும் இப்பிளவு தெளிவாகத் தெரியாது. இளம் பறவைக்கு வயிற்றில் வெண்செதில் போன்ற கோடுகளும் காணும். அப்போது நடத்தையைக் கொண்டே துணிய வேண்டும்.

அதன் நடத்தை வேறெப்பறவைக்கும் இல்லாதது. மின்சாரக் கம்பி, வேலிக்கால், உயர்ந்த கொம்பு, மேயும் மாட்டின் முதுகு ஆகியவற்றில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும். மாட்டின் காலடியில் எழும் பூச்சியைக் கண்டதும் அம்புபோற் பாய்ந்து பிடித்து, மீண்டும் அமர்ந்த இடத்துக்கே வந்து சேரும். ஏரின் பின்னும், இப்போது டிராக்டரின் பின்னும், தாள் எரிக்கும் புகையின் ஓரத்திலும் இதனைக் காணலாம். விடிவதற்கு வெகு முன்னரே குரல் கொடுக்கத் தொடங்கி, பொழுது சாய்ந்து ஏனைய பறவைகள் அடங்கிய பின்னும் அந்துப்பூச்சிகளைத் துரத்திக்கொண்டிருக்கும்.

வெட்டுக்கிளி, சிள்வண்டு, வண்டு, அந்து, ஈசல் ஆகியவை இதன் இரை. பீகாரில் பூசா என்னுமிடத்தில் அக்காலத்தில் இருந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தார், இந்தியப் பறவைகள் பலவற்றின் இரைப்பையைத் திறந்து ஆராய்ந்து 1912-ஆம் வருஷத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். பறவையின் நன்மை தீமைகளை ஊகத்தால் அன்றி, தின்ற இரையைக் கணக்கிட்டே கூற வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. கரிச்சானின் உணவு பெரும்பாலும் பூச்சியே என்பதும், தானியத்தை அது நாடுவதில்லை என்பதும் பலரும் கண்டறிந்த உண்மை. இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னர், பூச்சிகளை அடக்கும் பொருட்டு, இப்பறவை தைவானிலிருந்து பசிபிக் சமுத்திரத்திலுள்ள ரோட்டா என்னும் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டது. பிறர் கப்பலேற்றிக் கொண்டுபோன வேலையாள் இந்நாட்டு வயல்களில் கூலியின்றி நிற்கிறது.

பற்றுப் பக்கத்தையும் மறைத்தல் கூடாது. தேனீ வளர்ப்போர்க்கு இதனால் தொல்லை உண்டு; பெட்டிக்கு அருகே அமர்ந்து ஈக்களைப் பிடித்துவிடும். நன்மை செய்யும் தட்டாரப்பூச்சியையும் தின்னும். பிற பறவை பிடித்த இரையைப் பறிப்பதும் உண்டு. அதற்காக வல்லூற்றின் குரலைப்போல ஒலித்து மைனாக்களை வெருட்டுவதையும் கண்டிருக்கின்றனர். எனினும் நெல்லும் பயறும் விளைவிப்பவருக்கு வரவே மிகுதி.

இதன் துணிவு பெயர்பெற்றது. கிளைக்கவட்டில் மெல்லிய சிறு கூடு கட்டி, மூன்று அல்லது நான்கு முட்டையிடும். அக்காலத்தில் காகமோ பருந்தோ அம்மரத்தை நெருங்கினால், தன்னைவிடப் பன்மடங்கு பெரிதாயினும் முதுகில் கொத்தித் துரத்தும். இதனையறிந்த மாங்குயில், புறா, கொண்டைக்குருவி முதலியன அதே மரத்தில் கூடு கட்டிப் பாதுகாப்புப் பெறுகின்றன. கரிச்சான் கூடுள்ள மரம் தோட்டத்தில் இருந்தால், அவ்விடத்தில் காகத்தின் கொட்டம் குறையும். முன்னோரும் இதைக் கண்டிருக்க வேண்டும். பிற பறவைகளால் கொத்துண்டு வருந்திய கரிக்குருவி, இறைவன் உபதேசத்தால் வலிமை பெற்ற கதை திருவிளையாடற் புராணத்தில் ஒரு படலமாகவே அமைந்துள்ளது. வலியன் என்னும் பெயரும் அதன் தொடர்பே. திருவாரூருக்கு அருகேயுள்ள வலிவலம் என்னும் தலத்தின் பெயரையும் இக்குருவியோடு இணைத்துச் சொல்வர்.

6. செம்போத்து

காகத்தினும் சற்று நீண்டது, உடலும் வாலும் கறுப்பு, சிறகு மட்டும் செங்கல் நிறம், கண் சிவப்பு. செண்பகம் என்றும் கூறுவர். வேலியடியிலும் புதரடியிலும் காலை மாற்றி வைத்து மெல்ல நடந்து, புழு, நத்தை, ஓணான், சுண்டெலி, சிறு பாம்பு ஆகியவற்றைத் தேடும். பிற பறவைகளின் முட்டையையும் விடாது. "ஊப், ஊப், ஊப்" என்று பானைக்குள்ளிருந்து வருவது போன்ற ஆழ்ந்த குரல். குயிலின் இனத்தைச் சேர்ந்ததாயினும், புதருக்குள் உருண்டையான கூட்டைத் தானே கட்டித் தன் குஞ்சைத் தானே வளர்க்கும்.

இதன் இறைச்சி நெஞ்சுநோய்க்கும் நாட்பட்ட இருமலுக்கும் மருந்தென்று கருதி வேட்டையாடும் வழக்கம் பல இடங்களில் இருந்துவந்திருக்கிறது. காசநோய் கிருமியால் உண்டாவது. அதற்குரிய மருந்தை ஆஸ்பத்திரியிற் பெற்றுப் பல மாதங்கள் இடைவிடாது உண்ணுதலே பரிகாரம். செம்போத்தை நம்பி நாட்களைக் கழிப்பவர் பறவையையும் இழந்து உயிருக்கும் ஆபத்தைத் தேடிக்கொள்கிறார். உடனிருப்போர்க்கும் நோயைப் பரப்புகிறார்.

7. சிறிய கரும்பறவைகள்

குண்டுகரிச்சான் கொண்டைக்குருவி அளவினது. பெயரில் கரிச்சான் இருப்பினும் கரிச்சானின் இனம் அன்று. ஆணின் தலை, மார்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, சிறகில் நீண்ட வெள்ளைக் கோடு. பெண்ணுக்குக் கறுப்புள்ள இடமெல்லாம் சாம்பல் நிறம். வாலை அடிக்கடி உயர்த்தும். கோடைக் காலையில் கூரை முகட்டிலோ உச்சிக்கிளையிலோ அமர்ந்து இனிமையாகப் பாடும். மரப்பொந்திலும் சுவர்த்துளையிலும் கூடு வைக்கும்.

கருஞ்சிட்டு சிட்டுக்குருவியினும் சற்றே பெரியது. ஆண் முழுக் கறுப்பு. தோளில் ஒரு வெண்திட்டு உண்டு. பறக்கும்போது அது நன்கு விளங்கும். பெண் பழுப்பு. இரண்டுக்கும் வாலடியில் செம்பழுப்பு நிறம்; வால் எப்போதும் நிமிர்ந்திருப்பதால் அதனைக் காண்பது எளிது. வறண்ட நிலம், கற்சுவர், கள்ளிவேலி ஆகியவை இதன் இருப்பிடம். கறையானையும் சிறு பூச்சிகளையும் தரையில் தத்திப் பொறுக்கும். கூட்டில் பாம்புச் சட்டையின் துண்டுகளையும் வைப்பதுண்டு. அதைக் கண்டு சுவரில் பாம்பு குடியிருப்பதாக அஞ்ச வேண்டியதில்லை.

ஊதாத் தேன்சிட்டு நான்கு அங்குலமே உடையது. முருங்கைப் பூவிலும் செம்பருத்தியிலும் வளைந்த மெல்லிய அலகை நுழைத்துத் தேன் பருகும். நிழலில் ஆண் முழுக் கறுப்பாகத் தோன்றும். வெயில் பட்டதும் ஊதாவும் நீலமும் மின்னும். இனம்பெருக்கும் காலம் கழிந்தால் அவ்வண்ணம் நீங்கி, மஞ்சள் மார்பின் நடுவே ஒரு கரிய கோடு மட்டும் நிற்கும். ஒரே பறவை காலத்துக்கேற்ப இரு வேறு பறவைபோலத் தோன்றும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

8. ஏரிக்கரையில்

நீர்க்காகம் காகமே அன்று. வாத்தைப் போலத் தோலிணைந்த விரல்களும், நுனி வளைந்த அலகும், நீண்ட வாலும் உடையது. மூழ்கி மீன் பிடித்தபின், நனைந்த சிறகை விரித்துக் கொம்பில் நின்று உலர்த்தும். இக்கோலத்தைக் கண்டால் வேறு குறி வேண்டியதில்லை. நாமக்கோழி உடல் கறுத்து, நெற்றியில் வெண்மையான தட்டு நாமமிட்டாற்போல விளங்குவது, நீந்திக்கொண்டே இருக்கும். நெற்றித் தட்டு சிவப்பாயிருப்பின் அது தாழைக்கோழி.

ஏரிமீன் குத்தகை எடுப்போர் நீர்க்காகத்தை வெறுப்பர். ஆயின் வேடந்தாங்கல் கிராமத்தாரின் கணக்கு வேறு. நீர்க்காகம் முதலிய பறவைகள் ஏரிமரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தனர். சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ஆம் வருஷத்தில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனெல் பிளேஸ் என்பவரிடமிருந்து பாதுகாப்பு உத்தரவு பெற்றனர். அவ்வுரிமை 1858-ஆம் வருஷத்திற் புதுப்பிக்கப்பட்டது. பறவையை அறிந்த ஓர் ஊர், அரசாங்கம் கேளாமுன்னரே அதனைக் காத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

9. குறிப்புப் புத்தகம்

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. தேதி, நேரம், இடம், வானிலை என்னும் நான்கையும் தலைப்பில் எழுதி, அதன்கீழ்ப் பறவை, எண்ணிக்கை, செய்த செயல் என்று மூன்று பத்திகள் இடுக. கண்டதைக் கண்ட இடத்திலேயே எழுத வேண்டும். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதுவது வாரக்கணக்கை மாதக்கடைசியில் எழுதுவது போன்றது.

பெயர் தெரியாவிடின் குறிகளை எழுதி ஒரு கோட்டுச் சித்திரம் வரைந்து வைக்க. ஊரிலுள்ள முதியோர், மாடு மேய்ப்போர், வலைஞர் ஆகியோரைக் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுதுக. ஓர் ஊரில் இரட்டைவால் பறவையைக் கரிக்குருவி என்பர். மற்றோர் ஊரில் கருஞ்சிட்டை அவ்வாறு அழைப்பர். ஆகவே பெயரோடு குறிகளும் இருந்தாலன்றி அக்குறிப்பால் பிறருக்குப் பயனில்லை.

பள்ளிக்கூடங்கள் இதை எளிதில் நடத்தலாம். தமிழ்நாட்டில் 2015-ஆம் வருஷம் முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஓரிடத்தில் கால் மணி நேரத்துக்குக் குறையாது நின்று, கண்ட பறவைகளை எண்ணிப் பதிவு செய்தலே அதன் முறை. மார்கழியில் பழகிய மாணாக்கர் தைப் பிறப்பில் அதிற் கலந்துகொள்ளத் தகுதி பெற்றிருப்பர்.

10. பயிற்சி

கீழ்க்கண்டவற்றுக்கு விடை கூறிப் பார்க்க.

(அ) மின்சாரக் கம்பியில் அமர்ந்த கரிய பறவை தரைக்குப் பாய்ந்து உடனே கம்பிக்குத் திரும்புகிறது, வால் பிளவுபட்டது.

(ஆ) வேப்பமரத்து இலைக்குள் பழுப்பு நிறப் பறவை, உடலெங்கும் வெண்புள்ளி, காகங்கள் அதைத் துரத்துகின்றன.

(இ) கற்சுவரின்மேல் சிறிய கரிய பறவை. வால் நிமிர்ந்து, வாலடி செம்பழுப்பாகத் தெரிகிறது.

(ஈ) வேலியடியில் நடந்து செல்லும் பெரிய கரிய பறவை. சிறகு செங்கல் நிறம்.

(உ) மாலைச் சூரியனுக்கு எதிரே, உயரத்தில் விரைந்து பறந்து மறைந்த கரிய பறவை.

விடைகள்: (அ) கரிச்சான். (ஆ) பெண் குயில். (இ) ஆண் கருஞ்சிட்டு. (ஈ) செம்போத்து. (உ) "தெரியவில்லை" என்றெழுதுவதே சரியான விடை. வெயிலுக்கு எதிரே கண்ட நிறம் சாட்சியாகாது. அலகும் வாலும் குரலும் கிட்டவில்லை. தெரியாததைத் தெரியாதென்றெழுதிய பக்கமே பிற பக்கங்களை நம்பச் செய்கிறது.

11. செய்யத்தக்கன

பறவையை அறிந்த பின் குடியானவர் செய்யக்கூடியவை சில உண்டு. நெல், பயறு, பருத்தி ஆகியவற்றில் பயிருக்கு ஓரடி மேலே நிற்குமாறு குறுக்குக்கட்டையுடன் கூடிய கொம்புகளை ஏக்கருக்குச் சுமார் இருபது வீதம் நடலாம். இவற்றைப் பறவைத் தாங்கி என்பர். கரிச்சானும் மைனாவும் பகலில் அவற்றில் அமர்ந்து பூச்சியைப் பிடிக்கும். இரவில் ஆந்தை அமர்ந்து எலியைப் பிடிக்கும். கதிர் முற்றத் தொடங்கியதும் அவற்றை அகற்றிவிட வேண்டும். இல்லையேல் தானியம் தின்னும் பறவைகளுக்கு அவை ஆசனமாகிவிடும். பூச்சிமருந்தைக் கண்டவுடன் தெளிக்காமல், சேதம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துத் தேவைக்குத் தெளிக்க வேண்டும். மருந்துண்ட பூச்சியைத் தின்னும் பறவைக்கும் நஞ்சேறும்.

கூடு கண்டால் தூரத்தினின்று பார்த்து விலகுக. கூட்டைத் தொட்டும் கிளையை வளைத்தும் பார்த்தால், காகத்துக்கு அவ்விடத்தைக் காட்டிக்கொடுத்ததாகும். 1972-ஆம் வருஷத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் கொல்வதும் முட்டையைக் கவர்வதும் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் சிறுவர்க்குச் சொல்லி வைத்தல் நலம்.

சிறுவனைக் கொல்லைக் காவலுக்கு அனுப்புவதற்கு முன், ஒரு நாட்காலையில் அவனை உடனழைத்துச் சென்று, காகம் எது, கரிச்சான் எது என்று நேரில் காட்டுக. அரை மணி நேரம் போதும். பிறகு அவன் கையில் பென்சிலையும் நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்து, கரிச்சான் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை பாய்ந்து இரை பிடிக்கிறது என்று எண்ணி எழுதச் சொல்லுக. அந்த எண்ணைக் கண்டபின் அப்பறவையின் மீது கல்லெறிய அவனுக்கே மனம் வராது.